முட்டைக்கோழியின் பாலியல் முதிர்ச்சி

முட்டைக்கோழியின் பாலியல் முதிர்ச்சி என்பது, முட்டைக்காக வளர்க்கப்படும் பெட்டைக்கோழியின் இனப்பெருக்க உறுப்புகள் முழு வளர்ச்சி பெற்று, அக்கோழி முதல் முட்டையை இடும் நிலையை அடைவதாகும். பண்ணைகளில் வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் வழிக் கலப்பினக் கோழிகள் பொதுவாக 18 முதல் 20 வார வயதில் இந்நிலையை எட்டுகின்றன. இம்முதிர்ச்சி வயதால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. மரபு, உடல் எடை, பகலொளியின் நீளம், தீவனம், வெப்பநிலை, நோய்கள் ஆகியன ஒன்று சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. எனவே முதிர்ச்சியை முற்படுத்தவும் பிற்படுத்தவும் வளர்ப்பவரால் இயலும். உடல் வளர்ச்சி நிறைவடையும் முன்னரே முட்டையிடத் தொடங்கும் கோழி, அதன் விளைவைத் தன் வாழ்நாள் முழுதும் சுமக்கின்றது. இக்காரணத்தால், இந்தியாவின் முதன்மையான முட்டை உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றாகிய நாமக்கல், சேலம் சமவெளியில் இது உயிரியல் செய்தியாக மட்டுமன்றிப் பண்ணையின் வரவு செலவையும் கோழியின் நலத்தையும் தீர்மானிக்கும் செய்தியாகவும் விளங்குகின்றது.

சொற்களும் அளவீடும்

பருவமடைந்தும் இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைக்கோழி விடைக்கோழி எனப்படும். கொங்கு நாட்டுப் பேச்சு வழக்கில் இது வெடைக்கோழி அல்லது வெடக்கோழி என வழங்குகின்றது. பண்ணை வளர்ப்பில் கோழியின் வாழ்நாள் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்படுகின்றது:

- குஞ்சுப் பருவம்: முதல் நாள் தொடங்கி 8 வாரம் வரை
- வளர் பருவம்: 9ஆம் வாரம் தொடங்கி 18 அல்லது 20 வாரம் வரை
- முட்டையிடும் பருவம்: அதன் பின்னர் 72 வாரம் வரை. தற்காலத்தில் பல பண்ணைகளில் இது 80 வாரத்தையும் கடக்கின்றது

தனிக் கோழி ஒன்றின் பாலியல் முதிர்ச்சி, அது முதல் முட்டையிட்ட வயதைக் கொண்டு அளக்கப்படுகின்றது. ஆயிரக்கணக்கான கோழிகளைக் கொண்ட மந்தையில் அவ்வாறு அளக்க இயலாது. ஆகவே ஒரு நாளில் மந்தையின் 50 விழுக்காட்டுக் கோழிகள் முட்டையிடும் வயதே மந்தையின் முதிர்ச்சி வயதாகக் கொள்ளப்படுகின்றது.

இனத்திற்கு இனம் முதிர்ச்சி வயது வேறுபடும். சப்பானியக் காடை 6 முதல் 7 வாரங்களில் முட்டையிடத் தொடங்குகின்றது. நாட்டுக்கோழிகள் பெரும்பாலும் 24 வாரங்களுக்குப் பின்னரே தொடங்கும். சண்டைக்கென வளர்க்கப்பட்ட அசீல் இனம் இவற்றினும் தாமதமாக முதிர்கின்றது.

நாமக்கல், சேலம் பகுதி

கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே பரந்துள்ள இச்சமவெளி மழை குறைந்த வறண்ட நிலமாகும். நாமக்கல் 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நாமக்கல், இராசிபுரம், புதுச்சத்திரம், சேந்தமங்கலம், மோகனூர் ஆகிய ஊர்களைச் சூழ முட்டைக்கோழிப் பண்ணைகள் மிகுந்துள்ளன. 2019 ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 12 கோடி கோழியினங்களுடன் தமிழ்நாடு இந்தியாவில் முதலிடம் பெற்றது.

1982 இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல்லைத் தனி மண்டலமாகக் கொண்டு முட்டை விலையை அறிவித்து வருகின்றது. 1985 இல் நிறுவப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், 1989 இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகும். தீவனப் பகுப்பாய்வுக் கூடமும், வரும் நாட்களின் வானிலைக்கேற்பக் கோழிப்பண்ணையாளர்களுக்கு அறிவுரை வழங்கும் மையமும் இக்கல்லூரியில் உள்ளன. நாமக்கல் காடை-1 என்னும் காடை வகை இங்கு உருவாக்கப்பட்டது.

இப்பகுதிப் பண்ணைகளில் பெரிதும் வளர்க்கப்படுவது பிவி-300 என்னும் வெள்ளைக் கலப்பினமாகும். 1971 இல் பி. வி. ராவ் நிறுவிய வெங்கடேசுவரா குஞ்சுப்பொரிப்பகம், பாப்காக் என்னும் அமெரிக்க இனவழியிலிருந்து இதனை உருவாக்கியது. கோழிகள் பெரும்பாலும் பக்கங்கள் திறந்த கொட்டகைகளில், தரையிலிருந்து உயர்த்தி அமைக்கப்பட்ட கம்பிக் கூண்டுகளில் வளர்க்கப்படுகின்றன. கொட்டகை திறந்திருப்பதால் சூரிய ஒளியும் வெப்பமும் நேரடியாகக் கோழிகளை அடைகின்றன. முதிர்ச்சியைக் கட்டுப்படுத்துவதில் இவ்வமைப்பு தரும் சிக்கல்கள் கீழே விளக்கப்படுகின்றன.

இனப்பெருக்க உறுப்புகள்

சூலகம்

பாலூட்டிகளில் ஆணின் விந்தணுவே குழந்தையின் பாலைத் தீர்மானிக்கின்றது. கோழியில் அப்பொறுப்பு பெட்டையின் கருமுட்டைக்கு உரியது. பெட்டைக்கு இசட், டபிள்யூ என இருவேறு பால் நிறப்புரிகளும், சேவலுக்கு இரண்டு இசட் நிறப்புரிகளும் உள்ளன.

கருநிலையில் இடம், வலம் என இரு சூலகங்கள் தோன்றினாலும், பெட்டைக்கோழியில் இடப்புறச் சூலகமும் இடப்புற முட்டைக்குழாயும் மட்டுமே வளர்கின்றன. வலப்புறத்தவை சிதைந்து எச்சமாக நின்றுவிடுகின்றன. குஞ்சு பொரியும்போதே அதன் சூலகத்தில் பல இலட்சம் கருமுட்டைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் சில நூறு மட்டுமே வாழ்நாளில் முட்டையாக வெளிவருகின்றன.

வளர் பருவத்தில் சில கிராம் எடையே உள்ள சூலகம், முட்டையிடும் பருவத்தில் 40 முதல் 60 கிராம் வரை பெருக்கின்றது. அப்போது அது திராட்சைக் குலை போலத் தோற்றமளிக்கும். ஒவ்வொரு மஞ்சட்கருவும் ஒரு சூற்பைக்குள் (ஃபாலிக்கிள்) வளர்கின்றது. முதிர்ந்த கோழியின் சூலகத்தில் 5 முதல் 9 வரையிலான பெரிய மஞ்சள் சூற்பைகள் அளவில் ஒன்றுக்கொன்று இறங்குவரிசையில் அமைந்திருக்கும். இவ்வரிசையில் மிகப் பெரியது இன்று வெடித்தால், அடுத்தது நாளை அவ்விடத்திற்கு வரும். சுமார் 8 மில்லிமீட்டர் அளவுள்ள சூற்பை 40 மில்லிமீட்டர் அளவை எட்டுவதற்கு ஏறத்தாழ 10 நாட்கள் ஆகும்.

முட்டைக்குழாய்

விடைக்கோழியில் மெல்லிய நூல் போன்றிருக்கும் முட்டைக்குழாய், முதிர்ந்த கோழியில் 60 முதல் 70 சென்ட்டிமீட்டர் நீளமுள்ள தடித்த குழாயாகின்றது. அதன் பகுதிகளும், முட்டை அவற்றில் தங்கும் ஏறத்தாழக் காலமும் பின்வருமாறு:

- புனல்: மஞ்சட்கருவை ஏந்திக்கொள்ளும் பகுதி. கருவுறுதல் நிகழும் இடமும் இதுவே. 15 முதல் 30 நிமிடம்.
- வெண்கருப் பகுதி: குழாயின் மிக நீண்ட பகுதி. கெட்டியான வெண்கரு இங்கு சுரக்கின்றது. சுமார் 3 மணி நேரம்.
- இடுக்குப் பகுதி: ஓட்டின் உட்புறத்திலுள்ள இரு சவ்வுகளும் இங்கு உருவாகின்றன. 1 முதல் 1½ மணி நேரம்.
- ஓட்டுச் சுரப்பி: கருப்பை எனவும் அழைக்கப்படும். சுண்ணாம்பு ஓடு இங்கு படிகின்றது. சுமார் 20 மணி நேரம்.
- யோனி: சில நிமிடங்கள் மட்டும். இதன் வழியே முட்டை பொதுப்புழையை அடைந்து வெளியேறுகின்றது.

ஆகவே ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் தேவைப்படுகின்றது. ஒரு முட்டை வெளியேறிய ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அடுத்த மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபடுகின்றது.

முதிர்ச்சியின் போக்கு

பாலியல் முதிர்ச்சி மூளையில் தொடங்குகின்றது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஐப்போத்தலாமசு வெளியிடும் இயக்குநீர் (ஹார்மோன்) கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பி, சூற்பைத் தூண்டு இயக்குநீரையும் லூட்டினாக்க இயக்குநீரையும் குருதியில் சேர்க்கின்றது. இவற்றின் தூண்டலால் சூலகம் ஈஸ்ட்ரோஜென், ஆண்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைச் சுரக்கின்றது. இத்தொடரைத் தடுத்து நிறுத்தும் இயக்குநீர் ஒன்றும் பறவைகளில் உண்டு. அது 2000 ஆம் ஆண்டில் சப்பானிய அறிவியலாளர்களால் காடையில் கண்டறியப்பட்டது.

ஈஸ்ட்ரோஜெனின் செயல்கள் பல:

- கல்லீரல், மஞ்சட்கருவுக்குரிய புரதங்களையும் கொழுப்பையும் உருவாக்கிக் குருதி வழியே சூலகத்திற்கு அனுப்புகின்றது.
- முட்டைக்குழாய் நீண்டு தடிக்கின்றது.
- இடுப்பின் இரு பூப்பெலும்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, முட்டை வெளியேற வழிவிடுகின்றன.
- ஆண்ட்ரோஜெனுடன் இணைந்து, நீண்ட எலும்புகளின் உட்குழியில் மச்சையெலும்பு என்னும் சுண்ணாம்புச் சேமிப்பை உருவாக்குகின்றது.

மச்சையெலும்பு முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னர் தோன்றத் தொடங்குகின்றது. இது எலும்பின் உறுதிக்கெனப் பெரிதும் பயன்படுவதில்லை. இரவில் ஓடு படியும் நேரத்தில் உடனே கரைத்து எடுத்துக்கொள்ளும் சேமிப்பாகவே இது விளங்குகின்றது. ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கால்சியம் சுமார் 20 கிராம் மட்டுமே. ஆண்டுக்கு 300 முட்டையிடும் கோழி ஏறத்தாழ 600 கிராம் கால்சியத்தை ஓடுகளின் வழியே இழக்கின்றது. அதாவது தன் உடலிலுள்ளதைப் போல் 30 மடங்கு.

முதிர்ச்சியின் புற அடையாளங்களைப் பண்ணைத் தொழிலாளர்கள் எளிதில் இனங்காண்கின்றனர். வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடியும் சிவந்து பெருக்கின்றன. கையை முதுகின் மேல் கொண்டுசென்றால் கோழி இறக்கைகளைச் சற்று விரித்துக் குந்துகின்றது. இது சேவலை ஏற்கும் நிலையின் அடையாளமாகும். பூப்பெலும்புகளுக்கிடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பின், கோழி முட்டையிடும் நிலையை அடைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

ஒளியும் முதிர்ச்சியும்

ஒளியை உணரும் விதம்

பறவைகள் தம் இனப்பெருக்கக் காலத்தைப் பகலின் நீளத்தைக் கொண்டு அறிகின்றன. இதற்குக் கண் இன்றியமையாததன்று. பிரெஞ்சு அறிவியலாளர் சாக்கு பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு செய்த ஆய்வுகள், ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளையின் உட்பகுதியை நேரடியாகத் தூண்டுகின்றது என்பதைக் காட்டின. சிவப்பு ஒளி பிற நிறங்களைவிட ஆழமாக ஊடுருவுகின்றது.

நீண்ட பகலை உணர்ந்ததும் கபச்சுரப்பியின் ஒரு பகுதி தைராய்டுத் தூண்டு இயக்குநீரை வெளியிடுகின்றது. அதனால் ஐப்போத்தலாமசில் தைராய்டு இயக்குநீரின் செயலூக்கமுள்ள வடிவம் பெருகி, இனப்பெருக்கத் தொடர் முடுக்கிவிடப்படுகின்றது. இச்செயல்முறை 2008 இல் சப்பானியக் காடையில் விளக்கப்பட்டது. குறுகிய பகலிலேயே வளர்க்கப்படும் கோழிகளும் இறுதியில் முதிர்ச்சி அடையவே செய்கின்றன. ஆயினும் பகலின் நீளத்தில் ஏற்படும் மாற்றம் முதிர்ச்சியைப் பல நாட்கள் முன்னோ பின்னோ நகர்த்துகின்றது. பகல் நீளும்போது முதிர்ச்சி விரைகின்றது, பகல் குறுகும்போது தாமதிக்கின்றது. குஞ்சுப் பருவத்தின் முதற் சில வாரங்களில் இத்தூண்டலுக்கு உடல் இணங்குவதில்லை.

நாமக்கல்லின் பகல்

நாமக்கல் ஏறத்தாழ 11.2 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு திசம்பரில் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரமும், சூனில் ஏறத்தாழ 12¾ மணி நேரமும் நீடிக்கின்றது. வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே எனினும், அது முதிர்ச்சியைப் பாதிக்கப் போதுமானதாகும்.

சனவரியில் பொரித்த குஞ்சுகள் பகல் நீண்டுகொண்டே செல்லும் மாதங்களில் வளர்ந்து, மே மாத இறுதியில் 18 வாரத்தை எட்டுகின்றன. இவை விரைந்து முதிரும் இயல்புடையன. கோடை வெப்பத்தில் தீவனம் குறைவாக உண்பதால் இவற்றின் உடல் எடையும் பின்தங்கக்கூடும். சூலையில் பொரித்த குஞ்சுகள் பகல் குறுகிக்கொண்டே செல்லும் மாதங்களில் வளர்ந்து நவம்பரில் 18 வாரத்தை எட்டுகின்றன. இவற்றின் முதிர்ச்சி தாமதிக்கின்றது. ஒரே இனம், ஒரே தீவனம், ஒரே கொட்டகை எனினும் பொரித்த மாதத்தைப் பொறுத்து இரு மந்தைகளின் முதல் முட்டை வெவ்வேறு வயதில் வருவதற்கு இதுவே காரணமாகும்.

ஒளியூட்டல் முறை

குளிர் நாடுகளில் மூடிய கொட்டகைகளில் விரும்பியவாறு 8 அல்லது 9 மணி நேர ஒளியில் விடைக்கோழிகளை வளர்க்க இயலும். திறந்த கொட்டகையில் பகலைச் சுருக்க வழியில்லை, நீட்ட மட்டுமே முடியும். எனவே இங்கு பின்பற்றப்படும் விதிகள் இரண்டு:

- வளர் பருவத்தில் ஒளி நேரத்தைக் கூட்டலாகாது.
- முட்டையிடும் பருவத்தில் ஒளி நேரத்தைக் குறைக்கலாகாது.

வளர் பருவத்தில் இயற்கைப் பகலொளி மட்டும் அளிக்கப்படுகின்றது. கோழிகள் உரிய எடையை எட்டிய பின்னர், அதிகாலையிலும் மாலையிலும் விளக்கேற்றி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, மொத்த ஒளி நேரம் 16 மணியாக்கப்படுகின்றது. தீவனத் தொட்டியின் மட்டத்தில் ஏறத்தாழ 10 லக்ஸ் ஒளி போதுமானதாகும். முட்டையிடும் பருவத்தில் மின்தடையால் சில நாட்கள் தொடர்ந்து ஒளி நேரம் குறையுமாயின் முட்டை குறைவதுடன், சில கோழிகள் இறகுதிர்க்கவும் தொடங்கும். இதனால் ஒளியூட்டும் பண்ணைகளுக்கு மின்னாக்கி இன்றியமையாததாகின்றது.

உடல் எடையும் தீவனமும்

போதிய எடையை எட்டாத கோழிக்கு ஒளி மட்டும் கொடுப்பது பயன் தராது. வெள்ளைக் கலப்பினக் கோழி 18 வாரத்தில் ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடை கொண்டிருத்தல் வேண்டும். சராசரி எடையைப் போலவே மந்தையின் சீர்மையும் முதன்மையானது. 80 விழுக்காட்டுக் கோழிகளேனும் சராசரிக்குப் பத்து விழுக்காடு மேல் அல்லது கீழ் என்ற எல்லைக்குள் அமைந்தால் மந்தை சீரானது எனப்படும். சீரற்ற மந்தையில் ஒரு பகுதி முதிர்ந்தும் மறுபகுதி முதிராமலும் இருப்பதால், எந்த வாரத்தில் ஒளியைக் கூட்டினாலும் ஒரு சாராருக்கு அது பொருந்தாது. வாரந்தோறும் மந்தையின் ஒரு பகுதியை நிறுத்துப் பார்ப்பதும், எடை குறைந்தவற்றைத் தனிக் கூண்டுகளுக்கு மாற்றுவதும் இதன் பொருட்டே.

இப்பகுதியில் மக்காச்சோளம், கம்பு, சோயாப் பிண்ணாக்கு, எண்ணெய் நீக்கிய தவிடு, கருவாட்டுத்தூள் முதலியவற்றைக் கொண்டு தீவனம் அரைக்கப்படுகின்றது. வளர் பருவத் தீவனத்தில் சுமார் 1 விழுக்காடு கால்சியம் போதும். முதல் முட்டைக்கு முந்தைய இரு வாரங்களில் அது 2 முதல் 2½ விழுக்காடாகவும், முட்டையிடும் பருவத்தில் 3½ முதல் 4 விழுக்காடாகவும் உயர்த்தப்படுகின்றது. வளர் பருவத்திலேயே மிகுதியான கால்சியம் கொடுத்தால் சிறுநீரகம் பழுதடையும். ஓடு இரவில் படிவதால், கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல் குருணையையும் பிற்பகலில் கொடுப்பது சிறந்தது. பொடியைவிடக் குருணை மெல்லக் கரைந்து இரவு முழுதும் கால்சியத்தை அளிக்கின்றது.

முட்டையிடும் சுழற்சி

மிகப் பெரிய சூற்பை சுரக்கும் புரோஜெஸ்டிரோன், லூட்டினாக்க இயக்குநீரைத் திடீரெனப் பெருகச் செய்கின்றது. அதற்கு 4 முதல் 6 மணி நேரத்தின் பின்னர் மஞ்சட்கரு விடுபடுகின்றது. இப்பெருக்கு நாளின் எந்நேரத்திலும் நிகழ்வதில்லை. இருள் தொடங்கியதைக் கணக்கிட்டு, 8 முதல் 10 மணி நேர இடைவெளிக்குள் மட்டுமே அது நிகழும்.

ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்திற்கும் மேல் ஆவதால், கோழி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றுத் தாமதமாக முட்டையிடுகின்றது. ஒரு கட்டத்தில் மேற்கூறிய இடைவெளியைத் தவறவிடுவதால் ஒரு நாள் முட்டையின்றிக் கழிகின்றது. பின்னர் மீண்டும் காலையில் தொடர் தொடங்குகின்றது. நாட்டுக்கோழியின் தொடர் சில முட்டைகளோடு முடியும். தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட கலப்பினங்களில் ஒரு தொடர் பல வாரங்கள் நீள்வதுண்டு. மந்தையின் உற்பத்தி 25 முதல் 30 வாரத்திற்குள் உச்சத்தை அடைந்து, நல்ல மந்தைகளில் 95 விழுக்காட்டைத் தொடுகின்றது.

முற்பட்ட முதிர்ச்சியும் பிற்பட்ட முதிர்ச்சியும்

வளர் பருவம் முழுவதும் பண்ணையாளருக்குச் செலவு மட்டுமே உண்டு, வரவில்லை. நான்கு மாதத்திற்கும் மேலாகத் தீவனம், தடுப்பூசி, கூலி ஆகியவற்றிற்குச் செலவிட்டவர், முதல் முட்டையை விரைவில் காண விரும்புவது இயல்பே. ஆயினும் எடை போதாத மந்தைக்கு ஒளியைக் கூட்டினால் பின்வரும் விளைவுகள் நேர்கின்றன:

- முட்டைகள் நெடுநாள் சிறியனவாகவே இருக்கும். அக்மார்க் தரவரிசையில் 53 முதல் 59 கிராம் எடையுள்ளது பெரிய முட்டை, 38 முதல் 44 கிராம் எடையுள்ளது சிறிய முட்டை. சிறியவை குறைந்த விலைக்கே போகும்.
- இடுப்பெலும்பு போதிய அளவு விரியாத நிலையில் முட்டை வெளிவருவதால் முட்டைக்குழாய் வெளித்தள்ளும். அதனைப் பிற கோழிகள் கொத்துவதால் அக்கோழி இறக்க நேரிடும்.
- சூற்பைகளின் வரிசை ஒழுங்குபடாததால் ஒரே நேரத்தில் இரண்டு மஞ்சட்கருக்கள் விடுபட்டு இரட்டைக் கரு முட்டைகள் தோன்றும். தோலோடு மட்டும் வெளிவரும் முட்டைகளும் மிகும்.
- உச்ச உற்பத்தியை எட்டியதும் உடலிருப்பு தீர்ந்து, உற்பத்தி சரியும்.
- மச்சையெலும்பு போதாமையால் எலும்பின் உறுதியான பகுதியிலிருந்தே சுண்ணாம்பு கரைக்கப்படும். கூண்டுக் கோழிகளில் கால் தளர்ந்து எழ இயலாமற் போகும் நோய்க்கும், எலும்பு முறிவுக்கும் இது வழிவகுக்கும்.

மிகையான தாமதமும் இழப்பே. முதிர்ச்சி பத்து நாட்கள் தள்ளிப்போனால் சராசரி முட்டை எடை ஏறத்தாழ ஒரு கிராம் கூடுகின்றது. ஆனால் மொத்தத்தில் சில முட்டைகள் குறைகின்றன. உட்கொண்ட தீவனம் வயிற்றுக் கொழுப்பாகப் படிந்தால் கல்லீரல் நோய்க்கும் இடமுண்டு. எனவே ஒளியைக் கூட்டும் நாளை நாட்காட்டியைக் கொண்டு முடிவு செய்யாமல், தராசைக் கொண்டு முடிவு செய்வதே பரிந்துரைக்கப்படும் முறையாகும்.

வெப்பமும் நோய்களும்

ஏப்ரல், மே மாதங்களில் இச்சமவெளியில் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது உடலைக் குளிர்விக்கின்றது. அவ்வாறு இரைக்கும்போது குருதியிலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால், ஓட்டிற்குத் தேவையான கார்பனேட்டு குறைந்து ஓடு மெலிகின்றது. வளர் பருவத்தில் வெப்பம் தாக்கினால் தீவன உட்கொள்ளல் குறைந்து எடை பின்தங்குகின்றது. கூரை மேல் நீர் தெளித்தல், கூரைக்கு வெள்ளையடித்தல், குளிர்ந்த காலை வேளையில் தீவனமிடுதல் ஆகியன வழக்கிலுள்ள தடுப்பு முறைகளாகும்.

முதிர்ச்சியைப் பாதிக்கும் நோய்கள் சில:

- தொற்று மூச்சுக்குழல் அழற்சி: பொரித்த முதலிரு வாரங்களில் தாக்கினால் முட்டைக்குழாயின் வளர்ச்சி நிரந்தரமாகக் கெடுகின்றது. அக்கோழி வளர்ந்தபின் கொண்டை சிவந்து, முட்டையிடும் கோழி போலவே தோன்றும். மஞ்சட்கரு வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடுவதால் முட்டை வெளிவராது. இத்தகையவை பொய்ம்முட்டைக்கோழிகள் எனப்படுகின்றன.
- வெள்ளைக்கழிச்சல்: இராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. முட்டையிடும் பருவத்தில் உற்பத்தியைத் திடீரெனக் குறைக்கும்.
- முட்டை குறைவு நோய்: 1976 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நச்சுயிரி நோய். முட்டைக்குழாயினுள் மறைந்திருந்து, முதிர்ச்சியின்போது வெளிப்பட்டு, ஓடற்ற முட்டைகளை இடச் செய்யும்.
- பூஞ்சண நச்சு: ஈரம் மிகுந்த மக்காச்சோளத்திலும் பிண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்குவதால் மஞ்சட்கருப் பொருட்களின் உற்பத்தி தடைப்படும்.

சேவலும் கருவுறுதலும்

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. சந்தைக்கு முட்டையளிக்கும் பண்ணைகளில் சேவல்கள் வளர்க்கப்படுவதில்லை. அங்கு இடப்படும் முட்டைகள் கருவுறாதவை, அடைகாத்தாலும் பொரியா.

குஞ்சுக்கான முட்டைகள் தாய்க்கோழிப் பண்ணைகளிலிருந்து பெறப்படுகின்றன. ஓட்டுச் சுரப்பியும் யோனியும் சேருமிடத்திலுள்ள நுண்குழல்களில் விந்தணுக்கள் இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை உயிருடன் தங்குகின்றன. ஆதலால் ஒரு முறை இணை சேர்ந்த கோழி பல நாட்கள் கருவுற்ற முட்டைகளை இடுகின்றது. அடைகாக்கும் காலம் 21 நாட்கள்.

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவற்குஞ்சுகள். முட்டை இனச் சேவல்கள் இறைச்சிக்கு ஏற்றவாறு விரைந்து வளராமையால், உலகெங்கும் அவை பெரும்பாலும் முதல் நாளிலேயே அழிக்கப்படுகின்றன. செருமனியில் 2022 முதல் இது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

மரபும் தேர்வும்

வளர்ப்புக் கோழியின் முதன்மை மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி, ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் முட்டையிட்டு அடைகாக்கும் பறவையாகும். தைராய்டுத் தூண்டு இயக்குநீரின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் ஒன்று உலகின் வளர்ப்புக் கோழிகள் பெரும்பாலானவற்றில் காணப்படுவதை 2010 இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. பருவத்தைச் சாராமல் முட்டையிடும் இயல்போடு இம்மாற்றத்திற்குத் தொடர்பு இருக்கலாமெனக் கருதப்படுகின்றது.

அடைகாக்கும் இயல்பு புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் பெருக்கால் உண்டாவது. அடைக்கோழியின் சூலகம் சுருங்கி முட்டை நின்றுவிடுகின்றது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வழங்கும் லெகார்ன் இனத்தில், தொடர்ந்த தேர்வால் இவ்வியல்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. நாட்டுக்கோழியிடம் அது இன்றும் நிலைத்துள்ளது.

இறகுதிர்த்தல்

முட்டையிடும் ஆண்டின் முடிவில் சூலகமும் முட்டைக்குழாயும் சுருங்கி, இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கின்றன. அதன் பின்னர் கோழி மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இது ஒருவகையில் இரண்டாம் முதிர்ச்சியாகும். இரண்டாம் முறை உற்பத்தி பெறும் நோக்கில் கோழிகளைப் பல நாட்கள் பட்டினியிட்டு இறகுதிர்க்கச் செய்யும் வழக்கம் பண்ணைகளில் நிலவியது. இது 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்திற்கு முரணானது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2011 இல் அறிவுறுத்தியது.

தவறான கருத்துகள்

- பண்ணைக் கோழிகளுக்கு இயக்குநீர் ஊசி போட்டே முட்டையிடச் செய்கின்றனர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. முட்டையிடலைத் தூண்டும் கபச்சுரப்பி இயக்குநீர்கள் புரதப் பொருட்களாதலால் தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். நாள்தோறும் ஒவ்வொரு கோழிக்கும் ஊசியிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. விடைக்கோழிகளுக்கு இடப்படும் ஊசிகள் நோய்த் தடுப்பூசிகளாகும். உயர்ந்த முட்டை எண்ணிக்கைக்குக் காரணம் மரபுத் தேர்வு, ஒளி, தீவனம் ஆகிய மூன்றுமே.
- இரட்டைக் கரு முட்டையிலிருந்து இரட்டைக் குஞ்சுகள் வரும் என்பர். கருவுற்றிருப்பினும் இடமும் காற்றும் போதாமையால் அவை பொரிப்பது மிக அரிது.
- மஞ்சட்கருவின் நிறம் சத்தின் அளவைக் காட்டுவதாகக் கருதுவர். அது தீவனத்திலுள்ள நிறமிகளைப் பொறுத்தது. மஞ்சள் மக்காச்சோளமும் பசுந்தழையும் உண்ணும் கோழியின் கரு ஆழ்ந்த நிறம் பெறும். கம்பு மிகுந்த தீவனம் உண்டால் வெளிறும்.

இவற்றையும் பார்க்கவும்

- கோழி வளர்ப்பு
- சிவப்புக் காட்டுக்கோழி
- நாட்டுக்கோழி
- சப்பானியக் காடை
- நாமக்கல் மாவட்டம்